என் வீட்டை மட்டும் ஏன் விட்டீர்கள்?

அமெரிக்காவின் போஸ்டன் நகரில் குளிர்காலத்தில் பனி கொட்டினால், சாலையோரம் நிற்கும் தீயணைப்புத் தண்ணீர்க் குழாய்கள் அதற்குள் புதைந்து காணாமல் போய்விடும். எங்காவது வீடு பற்றிக்கொண்டால், ஓடி வரும் தீயணைப்பு வீரர்கள் முதலில் பனியைத் தோண்டிக் குழாயைத் தேட வேண்டும். அதற்குள் வீட்டில் பாதி போய்விடும். 2011இல் 'கோட் ஃபார் அமெரிக்கா' என்ற அமைப்பின் மூலம் அந்த மாநகர் மன்றத்துக்கு வேலைக்கு வந்த ஓர் இளம் நிரலாளர் இதற்கு ஒரு சின்னச் செயலி எழுதினார். வரைபடத்தைத் திறந்து உங்கள் வீட்டருகே உள்ள குழாயைத் தத்தெடுத்துக்கொள்ளலாம். பனி விழுந்தால் அதைத் தோண்டி விடுவது உங்கள் பொறுப்பு. அதற்குக் கைம்மாறாக அந்தக் குழாய்க்கு உங்கள் விருப்பப்படி பெயர் சூட்டலாம். நீங்கள் கவனிக்காமல் விட்டால் வேறொருவர் வந்து அதைத் தட்டிக்கொண்டு போய்விடலாம்!

இந்தச் செயலி யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி திறந்து வைக்கப்பட்டிருந்தது. ஹவாயின் ஹொனலுலு நகரம் அதை எடுத்துச் சுனாமி அபாயச் சங்குகளுக்கு மாற்றியமைத்தது. அங்கே பனி ஏது? அங்கே தொல்லை வேறு. சங்குகளில் உள்ள மின்கலங்களைத் திருடிக்கொண்டு போய்விடுகிறார்கள். உங்கள் தெருச் சங்கு வேலை செய்கிறதா என்று பார்த்துச் சொல்ல ஆளுக்கொரு சங்கைத் தத்தெடுங்கள் என்றது நகரம்.

கேட்க இனிமையான கதைதான். பொது வசதிகளை மேம்படுத்தப் புதுமையான வழி என்று எந்த மேடையில் பேச்சு எழுந்தாலும் இந்தக் குழாய்க் கதை வந்துவிடுகிறது. நானும் சில இளைஞர் கூட்டங்களில் சொல்லிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். ஆனால் அமெரிக்க நகரங்கள் உண்மையிலேயே தலையைப் பிய்த்துக்கொண்ட ஒரு வேலை வேறு இருக்கிறது. அது தெருவுக்கு அடியில் நடந்தது. அதைப் பற்றித்தான் இந்த வாரம்.

முதலில் ஒரு சொல் விளக்கம். நம் வீடுகளில் பாட்டிமார் ரசம் வைத்த ஈயச் சொம்பு பலருக்கு நினைவிருக்கும். அது வெள்ளீயம். நான் சொல்லப் போவது காரீயம். இரண்டையும் நாம் ஈயம் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் குணத்தில் ஒன்று பூனை, ஒன்று புலி. காரீயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இவ்வளவு வரை பரவாயில்லை என்று மருத்துவர்கள் சொல்லக்கூடிய அளவே கிடையாது. ஆனால் அது வளைக்க எளிது, துருப்பிடிக்காது. அதனால் ரோமானியர் காலத்திலிருந்தே தண்ணீர்க் குழாய்க்குப் பயன்பட்டது. லத்தீனில் அதற்குப் 'பிளம்பம்' என்று பெயர். நாம் குழாய் ரிப்பேருக்கு அழைக்கிறோமே பிளம்பர், அவருடைய பெயர் அதிலிருந்து வந்ததுதான்.

அமெரிக்காவில் இத்தகைய குழாய்களுக்கு 1986இல்தான் தடை வந்தது. அதற்கு முன்பு புதைத்தவை எல்லாம் மண்ணுக்குள் அப்படியே கிடந்தன. பெரிய குழாய் தெருவோடு போகும். அதிலிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் கிளை பிரிகிற மெல்லிய குழாய்தான் ஈயம். தண்ணீரில் பாஸ்பேட் போன்ற ஒரு பொருளைச் சிறிதளவு கலந்தால் குழாயின் உட்புறத்தில் ஒரு படலம் படிந்து, ஈயம் தண்ணீரில் கரையாமல் காக்கும். அந்தப் படலத்தை நம்பித்தான் பல நகரங்கள் ஓடிக்கொண்டிருந்தன.

மிச்சிகன் மாநிலத்தில் ஃபிளின்ட் என்ற ஊர். ஒரு காலத்தில் கார்த் தொழிலால் செழித்தது. பிறகு ஆலைகள் மூடப்பட்டு, ஆள்கள் வெளியேறி, ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் மிஞ்சினார்கள். பாதிக்கு மேல் கறுப்பினத்தவர். நகரம் கடனில் தத்தளித்ததால் மாநில அரசு நியமித்த நிர்வாகி ஆட்சி செய்தார். 2014 ஏப்ரலில் செலவைக் குறைக்க, டெட்ராய்ட்டிலிருந்து வந்த தண்ணீரை நிறுத்திவிட்டு ஃபிளின்ட் ஆற்றுத் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். அந்தப் பாதுகாப்புப் பொருளைக் கலக்கவில்லை. படலம் அரித்துக்கொண்டு போக, ஈயம் வீடுகளுக்குள் வந்தது.

தண்ணீர் நிறம் மாறியது, நாற்றம் அடித்தது, உடம்பில் தடிப்பு வந்தது. மக்கள் போத்தலில் பிடித்துக்கொண்டு நகர மன்றக் கூட்டங்களுக்குப் போனார்கள். குடிக்கலாம், பயமில்லை என்றார்கள் அதிகாரிகள். அதே ஆண்டு அக்டோபரில் ஜெனரல் மோட்டார்ஸ் தன் எஞ்சின் ஆலைக்கு அந்தத் தண்ணீர் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. எஞ்சின் பாகங்கள் துருப்பிடிக்கின்றன என்பது காரணம். குழந்தைகள் அதற்குப் பிறகும் ஓராண்டு அதையே குடித்தார்கள்.

உண்மையை வெளியே கொண்டுவந்தவர்கள் அதிகாரிகள் அல்லர். லீஆன் வால்டர்ஸ் என்ற இல்லத்தரசி தன் வீட்டுத் தண்ணீரைச் சோதிக்கச் சொல்லி விடாமல் நச்சரித்தார். வெர்ஜீனியா தொழில்நுட்பப் பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் எட்வர்ட்ஸின் குழு 2015இல் சோதனைப் போத்தல்களை ஊருக்கு அனுப்பியது. அண்டை அயலாரே வீடு வீடாகக் கொடுத்து 250க்கும் மேற்பட்ட மாதிரிகளைத் திரட்டிக் கொடுத்தார்கள். மோனா ஹன்னா அட்டிஷா என்ற குழந்தை மருத்துவர், பிள்ளைகளின் இரத்தத்தில் ஈயம் ஏறியிருப்பதை மருத்துவமனைக் கணக்கிலிருந்தே எடுத்துக் காட்டினார். முதலில் அவரையும் அரசுத் தரப்பு மட்டம் தட்டியது. பிறகு வழியில்லாமல் ஒப்புக்கொண்டது.

இதுவரை பலரும் செய்தியில் படித்திருப்பீர்கள். எனக்குச் சுவையாக இருப்பது இதற்கு அப்புறம் நடந்தது.

குழாய்களை மாற்ற வேண்டும். சரி, எந்த வீட்டில் ஈயம் இருக்கிறது? யாருக்கும் தெரியாது! நகர மன்றத்தில் இருந்தவை பல பத்தாண்டுகளுக்கு முன்பு பென்சிலால் எழுதிய சிறிய அட்டைகளும் பழைய வரைபடங்களும்தான். பாதி அழிந்திருந்தன, மீதி தவறாக இருந்தன. ஒரே தெருவில் ஒரு வீட்டில் ஈயம், அடுத்த வீட்டில் செம்பு. முற்றத்தைத் தோண்டிப் பார்த்தால்தான் தெரியும். செம்பு இருக்கும் வீட்டைத் தோண்டினால் பணமும் நாளும் வீண்.

ஜேக்கப் அபர்னதி, எரிக் ஸ்வார்ட்ஸ் என்ற இரு பேராசிரியர்கள் மாணவர்களோடு சேர்ந்து ஒரு கணினிக் கணிப்பு முறையை உருவாக்கினார்கள். வீடு கட்டிய ஆண்டு, மதிப்பு, இருக்கும் இடம், பழைய அட்டை சொல்வது, அக்கம்பக்கத்தில் தோண்டியபோது கிடைத்தது, இப்படிப் பல விவரங்களைக் கொடுத்தால் ஒவ்வொரு வீட்டுக்கும் ஈயம் இருக்கும் வாய்ப்பு எவ்வளவு என்று அது சொல்லும். ஒவ்வொரு முற்றத்தைத் தோண்டும்போதும் கணிப்பு இன்னும் கூர்மையாகும். தோண்டுவதற்கும் ஒரு வழி சொன்னார்கள். தண்ணீரைப் பீய்ச்சி மண்ணை இளக்கி, உறிஞ்சும் லோரியால் இழுத்துவிட்டு, சின்னக் குழி வழியே குழாயை மட்டும் பார்ப்பது. 2017இல் ஏறத்தாழ 8,800 வீடுகளைத் தோண்டி 6,200க்கும் மேற்பட்ட வீடுகளில் குழாய் மாற்றினார்கள். பத்துக்கு ஏழு பழுதில்லாமல் பலித்தது.

2018இல் நகர மன்றம் பெரிய பொறியியல் நிறுவனம் ஒன்றுக்கு அந்தப் பணியின் மேற்பார்வையைக் கொடுத்தது. கணினிக் கணிப்பு ஓரமாக வைக்கப்பட்டது. தெருத் தெருவாக, வரிசையாகத் தோண்டினார்கள். ஆண்டு முடியும்போது 10,500க்கும் மேற்பட்ட வீடுகளைத் தோண்டியிருந்தார்கள். ஈயம் அகப்பட்டது 1,567 வீடுகளில். நூற்றுக்குப் பதினைந்து. உண்மையாகவே ஈயம் இருந்த வீடுகளில் மக்கள் அதே தண்ணீரோடு காத்திருந்தார்கள்.

என் அக்காள் மகன் கோலாலம்பூரில் ஒரு வங்கியில் தரவுப் பிரிவில் வேலை செய்கிறான். இந்தக் கதையை அவனிடம் சொன்னேன். "மாமா, இதைவிட முட்டாள்தனம் இருக்க முடியுமா? கையில் விடை இருக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு தோண்டியிருக்கிறார்களே!" என்று கொதித்தான்.

அவன் சொல்வது கணக்குப்படி சரி. நான் அவனிடம் ஒன்று கேட்டேன். நீ ஃபிளின்ட்டில் ஒரு தாய் என்று வைத்துக்கொள். ஒன்றரை ஆண்டுக் காலம் "தண்ணீர் நல்ல தண்ணீர்" என்று அரசாங்கம் சொன்னது. நீ நம்பிப் பிள்ளைக்குப் பால் கலக்கிக் கொடுத்தாய். இப்போது அதே அரசாங்கத்தின் ஆள் வந்து பக்கத்து வீட்டு முற்றத்தைத் தோண்டுகிறார். எதிர் வீட்டைத் தோண்டுகிறார். உன் வீட்டைத் தாண்டிப் போகிறார். "என் வீட்டை மட்டும் ஏன் விட்டீர்கள்?" என்று கேட்டால், "உங்கள் வீட்டில் ஈயம் இருக்க வாய்ப்பு குறைவு என்று கணினி சொல்கிறது" என்கிறார். நீ என்ன செய்வாய்?

அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அந்த அம்மாவுக்குத் தோண்டிக் காட்டத்தான் வேண்டும். ஆனால் வரிசையில் பின்னால்" என்றான். கெட்டிக்காரப் பிள்ளை.

மேயர் கேரன் வீவர் மீது பழி சொல்வது எளிது. ஊரில் ஒருவரும் விடுபடக் கூடாது என்ற மக்களின் அழுத்தம் அவர் கதவைத்தான் தட்டியது. ஆனாலும் என் கருத்து இதுதான்: அந்த அழுத்தத்துக்கு அவர் கொடுத்த பதில் தப்பு. எல்லா வீட்டையும் பார்ப்போம் என்று வாக்குக் கொடுத்திருக்கலாம். முதலில் ஆபத்து அதிகமுள்ள வீடுகளைப் பார்ப்போம், அந்த வரிசையைப் பட்டியலாகப் பொதுவில் வைப்போம் என்றும் சொல்லியிருக்கலாம். தன் வீட்டின் முறை எப்போது என்று தெரிந்தவர் ஓரளவு பொறுப்பார். தெரியாதவர் எப்படிப் பொறுப்பார்? கடைசியில் வழக்குப் போட்டவர்கள் நீதிமன்றம் வழியாக 2019இல் கணிப்பு முறையைத் திரும்பக் கொண்டுவர வைத்தார்கள். ஈயம் அகப்படும் விகிதமும் மளமளவென்று ஏறியது.

இனி நியூவர்க். நியூஜெர்சி மாநிலத்தில், நியூயார்க்கிலிருந்து ரயிலில் அரை மணி நேரத்தில் போய்விடலாம். மூன்று லட்சம் பேர். 2017இல் அங்கும் தண்ணீரில் ஈயம் அனுமதித்த அளவைத் தாண்டியது. அங்கும் முதலில் மூடி மறைக்கும் பேச்சுதான். அங்கும் ஆசிரியர்கள் குழு ஒன்று சுற்றுச்சூழல் அமைப்போடு சேர்ந்து வழக்குப் போட வேண்டியிருந்தது. 2019 ஆகஸ்டில் வீடுகளுக்குக் கொடுத்த வடிகட்டிகளே சில இடங்களில் சரியாக வேலை செய்யவில்லை என்ற சந்தேகம் வந்து, போத்தல் தண்ணீர் வாங்க மக்கள் வெயிலில் வரிசை பிடித்தார்கள்.

ஆனால் அங்கே அதற்குப் பிறகு காரியம் வேகம் எடுத்தது. எப்படி என்று பார்த்தால், அதில் செயலியும் இல்லை, செயற்கை நுண்ணறிவும் இல்லை.

அமெரிக்காவின் பெரும்பாலான ஊர்களில் அந்தக் கிளைக் குழாய்க்கு இரண்டு சொந்தக்காரர்கள். தெருவிலிருந்து வீட்டு எல்லை வரை நகரத்துக்குச் சொந்தம். எல்லையிலிருந்து வீடு வரை வீட்டுக்காரருக்குச் சொந்தம். நகரம் தன் பாதியை மாற்றிவிட்டுப் போனால் மீதிப் பாதி ஈயமாகவே நிற்கும். பாதி மட்டும் மாற்றுவது சில காலத்துக்கு இன்னும் கேடு, வெட்டும்போது குலுங்கி உதிர்வது எல்லாம் தண்ணீரில் கலக்கும். வீட்டுக்காரர் தன் பங்குக்குப் பணம் போட வேண்டும். நியூவர்க்கில் முதலில் போட்ட திட்டப்படி அது ஆயிரம் டாலர் வரை போயிருக்கும். வேலை முடிய எட்டுப் பத்து ஆண்டு ஆகும் என்றார்கள்.

இன்னொரு முடிச்சு. நியூவர்க்வாசிகளில் பெரும்பான்மையோர் வாடகைக்கு இருப்பவர்கள். தண்ணீரைக் குடிப்பவர் ஒருவர், குழாய்க்குச் சொந்தக்காரர் இன்னொருவர். வீட்டுக்காரர் வேறு ஊரில் இருப்பார், அல்லது வீடு ஏதோ ஒரு கம்பெனி பெயரில் இருக்கும். கடிதம் போட்டால் பதில் வராது. வாடகை வீட்டில் ஒழுகும் குழாயை மாற்றித் தரச் சொல்லி வீட்டுக்காரருக்கு எத்தனை முறை வாட்ஸ்அப் அனுப்பியிருப்பீர்கள்? அதேதான்.

2019இல் இரண்டு காரியங்கள் நடந்தன. எசெக்ஸ் மாவட்ட நிர்வாகம் தன் பெயரில் 120 மில்லியன் டாலர் கடன் பத்திரம் வெளியிட்டு நகரத்துக்குக் கொடுத்தது. அதனால் வீட்டுக்காரர் ஒரு காசு போட வேண்டியதில்லை என்றானது. அடுத்த மாதம் நகர மன்றம் ஒரு துணைச்சட்டம் போட்டது. ஈயக்குழாய் இருந்தால் மாற்றியே ஆக வேண்டும், வீட்டுக்காரரின் ஒப்புதல் கிடைக்காவிட்டாலும் நகரத்தின் ஆள்கள் உள்ளே வந்து வேலை செய்யலாம். குடியிருப்பவர் கதவைத் திறந்தால் போதும்.

அவ்வளவுதான். பிறகு தெருத் தெருவாகப் போனார்கள். ஃபிளின்ட்டில் வீணாகப் போன அதே தெரு வரிசை முறை இங்கே பலித்தது. ஒரு தெருவை ஒரு தடவை அடைத்தால் அத்தனை வீட்டு வேலையும் முடியும். யாரையும் விட்டுவிட்டுப் போகும் பேச்சே இல்லாததால் யாரும் சண்டைக்கு வரவில்லை. உள்ளூர் ஆள்களுக்குப் பயிற்சி கொடுத்து வேலையில் சேர்த்தார்கள். பத்தாண்டு என்று சொன்ன வேலை மூன்று ஆண்டுக்குள் ஏறக்குறைய முடிந்தது. சுமார் 23,000 குழாய்கள்.

தனியார் சொத்துக்குள் அரசாங்கம் அனுமதி இல்லாமல் நுழைவது என்றால் அமெரிக்காவில் எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்று நினைத்துப் பாருங்கள்! அந்த நாட்டில் அந்த வரியைச் சட்டமாக எழுதியதைத்தான் நான் பெரிய புதுமை என்பேன். சட்டம் எழுதிய வழக்கறிஞருக்கு யாரும் மேடையில் விருது கொடுத்ததாகத் தெரியவில்லை.

இதற்கெல்லாம் முன்பே, ஃபிளின்ட்டிலிருந்து காரில் ஒரு மணி நேரத் தூரத்தில், லான்சிங் என்ற ஊர் சத்தமில்லாமல் 2004இல் இந்த வேலையைத் தொடங்கிவிட்டது. மிச்சிகனின் தலைநகர் அதுதான். அங்கே வீட்டு மீட்டர் வரையிலான முழுக் குழாயும் நகரத்தின் தண்ணீர், மின்சார வாரியத்துக்கே சொந்தம். ஆகவே யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. வேலையாள்கள் செய்யச் செய்ய ஒரு நுட்பத்தைக் கண்டுபிடித்தார்கள். தெருவிலிருந்து வீடு வரை நீளமாகப் பள்ளம் வெட்டாமல் இந்தப் பக்கம் ஒரு குழி, அந்தப் பக்கம் ஒரு குழி. பழைய ஈயக் குழாய்க்குள் கம்பியை விட்டு, அதன் வாலில் புதிய செம்புக் குழாயைக் கட்டி இழுத்தால், பழையது வெளியே வர வரப் புதியது அந்தத் துளையிலேயே உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். கால்சட்டை இடுப்பில் நாடா கோக்கும்போது, பழைய நாடாவின் நுனியில் புதியதை முடிந்து இழுப்போமே, அதே வேலை. நேரமும் செலவும் பாதிக்குப் பாதி குறைந்தன. வீட்டுக்காரரின் புல்வெளியும் தப்பியது. 2016 டிசம்பரில் கடைசிக் குழாயை எடுத்தபோது கணக்கு 12,000ஐத் தாண்டியிருந்தது.

சிகாகோவின் நிலைமை வேறு. நாட்டிலேயே ஈயக்குழாய் அதிகமுள்ள நகரம் அது, சுமார் நான்கு லட்சம். 1986இல் தடை வரும் வரை, வீட்டுக்கு ஈயக்குழாய்தான் போட வேண்டும் என்று அந்நகரத்தின் கட்டட விதியே கட்டாயப்படுத்தியது! கூட்டரசு 2021இல் இந்த வேலைக்கென்று 15 பில்லியன் டாலர் ஒதுக்கியது. நாடு முழுவதும் பத்தாண்டுக்குள் மாற்றி முடிக்க வேண்டும் என்று 2024 அக்டோபரில் விதியும் வந்தது. சிகாகோ போன்ற ஊர்களுக்குக் கூடுதல் காலம் கொடுத்திருக்கிறார்கள். ஒரு வரி எழுதிக் கட்டாயமாக்கியதை எடுக்க எத்தனை தலைமுறை ஆகிறது பாருங்கள்.

ஃபிளின்ட்டுக்கு நீதிமன்ற உடன்படிக்கை வைத்த கெடு 2020 தொடக்கம். மிச்சிகன் அரசு வேலை முடிந்ததென்று நீதிமன்றத்தில் அறிக்கை கொடுத்தது 2025 ஜூலையில். ஏறக்குறைய 11,000 ஈயக்குழாய்களை எடுத்திருந்தார்கள், தோண்டிச் சீர்செய்த வீட்டு முற்றங்கள் 28,000க்கும் மேல். தண்ணீர்ச் சோதனை முடிவுகள் பல ஆண்டுகளாகவே அனுமதித்த அளவுக்குள் வருகின்றன. ஆனாலும் அந்த ஊரில் பலர் இன்னமும் குழாய்த் தண்ணீரை வாயில் வைப்பதில்லை. சமைக்கவும் போத்தல் தண்ணீர்தான் வாங்குகிறார்கள்.